சின்னச் சுருட்டே காணும், மச்சான்

கோண்டாவில்
ஆவணி மாசம்

மச்சான்,

உன்ர மருமோன் கொண்டந்த சுருட்டுப் பெட்டி பத்திரமா வந்து சேர்ந்தது. நல்லூர்த் தேருக்கு முதல் நாள் வந்தவன், தேத்தண்ணி கூடக் குடிக்காமல் கையில தந்திட்டு ஓடினான். ரொறன்ரோப் பிள்ளையளுக்கு இஞ்ச நிக்கிற நாளெல்லாம் விருந்துதானே. மனுசி உங்கள் எல்லாரையும் சுகம் கேட்டு எழுதச் சொன்னவ. என்ர முழங்கால் நோ அப்பிடியே கிடக்கு. வெங்காயம் இந்தமுறை விலை போகேல்லை.

"சின்னனாப் போச்சே, அடுத்தமுறை பெரிசா அனுப்பட்டோ?" எண்டு போனில கேட்டாய். அதுக்குத்தான் இந்தக் கடிதம். போனில சொன்னா நீ இடையில புகுந்து கதைப்பாய்.

வேண்டாம் மச்சான், இந்த அளவே காணும். நீ அனுப்பின கியூபாச் சுருட்டு, மொன்ரே கிறிஸ்ரோ ஐஞ்சாம் நம்பர், நீளம் 102 மில்லிமீற்றர். தடிப்பு 40 எண்டுறது, ஒரு அங்குலத்தை 64 ஆப் பிரிச்சு அதில 40 பங்கு. 16 மில்லிமீற்றர் வரும். பத்தி முடிக்க அரை மணித்தியாலம். பெரிசெண்டா ஒண்டரை மணித்தியாலம் குந்தியிருக்க வேணும். அதுக்கு என்ர முழங்காலும் விடாது, மனுசியும் விடாது. சின்னன் எண்டு நீ வெக்கப்படவும் தேவையில்லை. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி பத்தினதும் சின்னச் சுருட்டுத்தான், பெற்றி உப்மன் எண்டு. 1962 மாசியில கியூபாச் சாமானுக்குத் தடை போடுறதுக்கு முதல் நாள் தன்ர பத்திரிகைச் செயலாளரைப் பிடிச்சு ஆயிரம் சுருட்டுத் தேடச் சொல்லி, அந்தாள் விடிய 1,200 ஓட வந்து நிண்ட பிறகுதானாம் கையெழுத்து வைச்சவர். அந்தச் செயலாளரே பிறகு சொன்ன கதை. அரசியல் எங்கயும் ஒண்டுதான்.

சோழகக் காத்து இன்னும் அடங்கேல்லை. விறாந்தையில இருந்து பத்தினா ஒரு பக்கம் எரிஞ்சு ஓட, மற்றப் பக்கம் பச்சையா நிக்குது. அதால கிணத்தடித் தொட்டிச் சுவருக்குப் பின்னால கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டன். எங்கட சுருட்டுக்கு இரண்டு பக்கமும் திறப்பு, வாயில வைச்சுக் கொளுத்த வேண்டியதுதான். இதுக்கு வாய்ப்பக்கம் இலையால ஒரு தொப்பி. அதை நறுக்கவெண்டே கடையில ஒரு கத்தி விக்கிறாங்களாம். நான் மனுசியின்ர பாக்குவெட்டியை எடுத்து, தொப்பியின்ர நுனியில ஒரு நெல்லுத் தடிப்புக்கு ஒரே அமத்தா அமத்தினன். துண்டு விழுந்தது, மேலிலை பிரியேல்லை. நெருப்புக்குச்சியின்ர மருந்து எரிஞ்சு தீருமட்டும் பொறுத்து, சுவாலை முட்டாமல் சுருட்டைச் சுத்திச் சுத்திப் பிடிச்சா, விளிம்பெல்லாம் ஒரே மாதிரிச் சிவக்குது.

முதல் இழுவையில சப்பெண்டு இருந்தது, மறைக்கேல்லை. பெட்டிப் பலகையின்ர மணம் மட்டும். நாலைஞ்சு இழுத்த பிறகுதான் வறுத்த கோப்பி வாசம் வந்தது. பாதிக்குக் கிட்ட மூக்கால கொஞ்சம் விட்டுப் பாத்தன், மிளகுக் காரம். எங்கட பழக்கத்தில அடுத்தடுத்து இழுத்தா புகை சுட்டுக் கைக்குது. நிமிசத்துக்கு ஒருக்கா, அதுவும் மெல்ல. எங்கட கோடாச் சுருட்டு, இலைக்குப் பாணி போட்டது, தோட்டத்தில மண்வெட்டி பிடிக்கிறவனுக்கெண்டு செய்தது. அணைஞ்சா காதில செருகிப் போட்டுப் பேந்து கொளுத்தலாம். இது கையில வேற வேலை இல்லாதவனுக்கு. ஒண்டை வைச்சு மற்றதைக் குறை சொல்லுறது விசர்க்கதை. நீ சொல்லுறனி, அதுதான் எழுதுறன்.

கொக்குவிலில உங்கட பெரியப்பாவின்ர கொட்டிலில சுருட்டுச் சுத்தின கிழவரை ஞாபகமோ? இன்னும் இருக்கிறார், கண் மட்டும் கொஞ்சம் மங்கல். ஒண்டைக் கொண்டுபோய்க் குடுத்தன். கொளுத்தேல்லை. விரலால நுனியில இருந்து அடிமட்டும் தடவி, "நரம்பே இல்லையடா, இது நிழலில வளந்த இலை" எண்டார். சரிதான், கியூபாவில மேலிலைக்கு வளக்கிற கண்டுகளை வெள்ளைத் துணிப் பந்தலுக்குக் கீழதான் வைக்கிறவை. பிறகு பிளேட்டால நெடுக்கா ஒரு கீறல். உள்ள துண்டு துணுக்கு ஒண்டும் இல்லை, முழு நீளத்துக்கும் இலை மடிஞ்சு கிடந்தது. ஒவ்வொண்டாப் பிரிச்சு மணந்து பாத்தார். எங்கட புகையிலை குடிலில தேங்காய்ப் பொச்சுப் புகை குடிச்சது. இது காத்தில உணத்தி, குவிச்சுப் புளிக்கவிட்டது. கடைசியாச் சொன்னார்: "சுத்தினவன் கெட்டிக்காரன். பாணி போட மறந்திட்டான்."

அங்க இருந்து வரேக்க, நாங்கள் இரண்டு பேரும் கொட்டிலில ஈழநாடு பேப்பர் வாசிச்சது நினைவு வந்தது. நாங்கள் வாசிக்க அவை சுத்துவினம். சம்பளம் ஒரு பணிசும் தேத்தண்ணியும். பாராளுமன்றச் செய்தி ஆருக்கு வேணும், "கோட்டு வழக்கை முதல் வாசி தம்பி" எண்டுவினம். நீ பேப்பரில இல்லாத வரியளையும் சேர்த்து வாசிப்பாய், கள்ளன். ஹவானாவிலயும் இதே வழக்கம்தான், 1865 இல எல் பிகாரோ எண்ட தொழிற்சாலையில துவங்கினது. வாசிக்கிறவருக்கு முதலாளி ஒரு சதம் குடுக்கிறேல்லை. சுத்துறவை தங்கட கூலியில சேர்த்துக் குடுத்தவை. உன்ர பெட்டியில இருக்கிற மொன்ரே கிறிஸ்ரோ எண்ட பேரே, அந்தச் சுருட்டு 1935 இல துவங்கேக்க, அப்பிடி வாசிச்ச ஒரு நாவலில இருந்து எடுத்தது எண்டு சொல்லுவினம். 2012 இல கியூபா அந்த வாசிப்பை நாட்டின்ர பண்பாட்டுச் சொத்தா அறிவிச்சுப் போட்டுது. எங்கட கொட்டில் இருந்த இடத்தில இப்ப போன் கடை. 83 ஆடியில தெற்கில எங்கட ஆக்களின்ர கடையள் எரிஞ்சதோட, உங்கட ஐயாவின்ர குருநாகல் கடையும்தான், சுருட்டு போற வழி சுருங்கிப் போச்சு. அதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெட்டியோட நீ வைச்சிருந்த ஈரப்பைக்கெற் இஞ்ச தேவைப்படாது, காத்தே ஈரம். பயம் வண்டுக்குத்தான். 25 பாகைக்கு மேல போனா புகையிலை வண்டின்ர முட்டை பொரிச்சு, ஊசித் துளை மாதிரித் துளைச்சுப் போடும். அதால காத்துப் புகாத டப்பாவில போட்டுப் பிரிட்ஜின்ர அடித்தட்டில வைச்சன். கத்தரிக்காய்க்குச் சுருட்டு மணக்குது எண்டு மனுசி பேச்சு.

நெஞ்சுக்குள்ள இழுக்கிறேல்லை, ஒண்டும் செய்யாது எண்டு நீ சொல்லுறது சாட்டு, மச்சான். சின்ன மாமா சுருட்டைத் தவிர ஒண்டும் தொடாதவர், வாய்ப் புற்றுநோயிலதானே போனவர். அதால எனக்குக் கிழமைக்கு ஒண்டு, அதுவும் ஞாயிறு பின்னேரம் மட்டும்.

மார்கழியில வாறது உறுதியெண்டா அதே ஐஞ்சாம் நம்பரைக் கொண்டா, வேற ஒண்டும் வேண்டாம். தபாலில போடாத, வரி எண்டு மறிப்பாங்கள். கிழவர் தனக்கும் இரண்டு வேணுமாம், பாணியைத் தானே போடுவாராம்.

உன்ர பழைய கூட்டாளி