21 சென்டிமீட்டர் மழைக்கும் 95-க்கும் ஒரே பேரா?

மழை அறிவிப்பு எழுதி வெளியிடுற ஐயாமார் அம்மாமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரன். திட்டுறதுக்காக இத எழுதல, திட்ட வேண்டியத எல்லாம் 2023 டிசம்பர் வெள்ளத்தப்பவே டீக்கடைல வச்சு திட்டி முடிச்சாச்சு.

அந்த டிசம்பர் 17 ஞாயித்துக்கிழமை, மார்கழி 1. முந்தின நாள் ராத்திரிதான் எங்க ஆச்சி "கார்த்திகைக்கு மேல மழையும் இல்ல, கர்ணனுக்கு மேல கொடையும் இல்ல"ன்னு சொல்லிட்டு, விடிஞ்சா மொத நாள் கோலம் போடணும்னு கோலப்பொடி டப்பாவ திண்ணைல எடுத்து வச்சா. விடிஞ்சா மழை. போன்ல ரெட் அலர்ட், அதி கனமழைன்னு வந்துச்சு, வரத்தான் செஞ்சுச்சு, நாங்கதான் இது வருஷா வருஷம் வர்ற மெசேஜ்தானன்னு வாழைக்கா பஜ்ஜி போட்டு தின்னுட்டு இருந்தோம். ஏன்னா ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சென்னைய முக்கி எடுத்த மிக்ஜாம் புயலுக்கு ஒரு பேர் இருந்துச்சு, டிவில நாள் பூரா சுத்துற படம் இருந்துச்சு, எங்களுக்கு வந்தது குமரிக்கடல் பக்கம் ஒரு காத்துச் சுழற்சி, அவ்ளோதான். பேரே இல்லாதது என்ன பண்ணிரப்போவுதுன்னு ஒரு நெனப்பு.

ராத்திரி கரண்ட் போச்சு. குளம் ஒடஞ்சுட்டுன்னு தெருவுல சத்தம் கேட்டு கால கீழ வச்சா முட்டளவு தண்ணி, ஆச்சிய தூக்கிட்டு எதுத்த மாடி வீட்டுக்கு போறதுக்குள்ள இடுப்பளவு. மேல நின்னு டார்ச் அடிச்சு பாத்தா எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மல்லாக்க மெதந்து செவுத்துல டொம்மு டொம்முன்னு முட்டிட்டு இருக்கு. அந்த சத்தம் இப்பவும் தூக்கத்துல கேக்கும்.

மறுநாள் காலைல வந்த கணக்கு, காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர், திருச்செந்தூர்ல 69, எங்க ஸ்ரீவைகுண்டத்துல 62. எங்க மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்க பெய்யுற மழைய விட காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கூட பெஞ்சிருக்கு. 17ஆம் தேதி ராத்திரி எங்க ஸ்டேஷன்ல நிறுத்துன செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில்ல இருந்த நூத்துக்கணக்கான சனம் ரெண்டு நாள் வெளிய வர முடியாம கெடந்தத நாடே பாத்துச்சு. தண்டவாளத்துக்கு கீழ ஜல்லிய தண்ணி அரிச்சுட்டு போயி தண்டவாளம் மட்டும் அந்தரத்துல தொங்குச்சு. பக்கத்துல உள்ள புதுக்குடி சனங்கதான் ரயில்ல கெடந்தவங்களுக்கு இருந்த அரிசிய போட்டு பொங்கி குடுத்தாங்க, அவங்க வீட்டுக்கே அடுத்த வேளைக்கு இருக்கான்னு பாக்காம.

இவ்ளோ பெய்யும்னு முன்னாடியே சொல்லிருக்கணும்னு நான் கேக்க மாட்டேன். அந்த சுழற்சி அங்கயே குத்தவச்சு உக்காரும்னு யாருக்கு தெரியும், அது கொஞ்சம் தள்ளி கடலுக்குள்ள பெஞ்சிருந்தா மீனுக்குதான் வெள்ளம். என் கேள்வி வேற. உங்க கணக்குல 20 சென்டிமீட்டர தாண்டிட்டா அதி கனமழை. அதுக்கு மேல வார்த்தையே இல்ல. 21 பெஞ்சாலும் அதே வார்த்தை, 95 பெஞ்சாலும் அதே வார்த்தையா? 21க்கு தெருவுல தண்ணி நிக்கும், 95க்கு தெருவே நிக்காது. எங்க பக்கத்து ஏரல்ல ஆத்துப் பாலத்த ஒட்டுன ரோட்டையே அத்துட்டு போச்சுல்லா.

அதனால ரெண்டே விஷயம் கேக்கேன். இது எவ்ளோ தூரம் போகும்னு எங்களுக்கே பிடிபடலன்னு தோணுச்சுன்னா அத அப்படியே சொல்லிருங்க, கௌரவம் ஒண்ணும் கொறஞ்சிராது, நாங்க பயந்து பெட்டிய கட்டுவோம், அவ்ளோதான. இன்னொண்ணு, காலைல 8:30 மணிக்கு அளந்து சொல்ற கணக்க மழை பெய்யும்போதே மணிக்கு மணி சொல்லுங்க. ராத்திரி 9 மணிக்கே "இதுவரைக்கும் இவ்ளோ பெஞ்சாச்சு, இன்னும் நிக்கல"ன்னு ஒரு மெசேஜ் வந்திருந்தா பஜ்ஜி சட்டிய எறக்கிட்டு ஆச்சிய கரண்ட் இருக்கும்போதே மாடிக்கு கூட்டிட்டு போயிருப்பேன்.

இப்போ மழை இருட்டிட்டு வந்தா ஆச்சி முத்தத்துல ஒரு காலி பெயின்ட் வாளிய வச்சிருதா. மணிக்கொருக்கா என் மவனோட ஸ்கேல விட்டு அளந்து காலண்டர்ல எழுதச் சொல்லுதா. கார்த்திகை பழமொழிய அதுக்கப்புறம் அவ வாயில நான் கேக்கல.