கார்ன்வால்காரருக்கு ஆங்கிலமும் அந்நிய மொழியே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்துத் திருச்சபையின் வரலாறு பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, 1549-இல் தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் மாவட்டங்களில் புதிய ஆங்கில வழிபாட்டு நூலை எதிர்த்து மூண்ட ஜெபப் புத்தகக் கிளர்ச்சியை, தாய்மொழியில் வழிபடும் உரிமையின் அருமை தெரியாத நாட்டுப்புறத்தாரின் கலகம் என்ற பொருள்பட ஒரே பத்தியில் முடித்துவிட்டது. வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தப் பத்தியைக் கடந்துபோக மனம் வரவில்லை. கார்ன்வாலின் மேற்குப் பகுதியில் அன்று வீட்டிலும் வயலிலும் பேசப்பட்டது ஆங்கிலம் அன்று. வெல்ஷ், பிரெட்டன் மொழிகளுக்கு உறவான கார்னிஷ். அம்மக்களைப் பொறுத்தவரை, பல நூற்றாண்டுகளாகக் காதுக்குப் பழகிய ஓர் அந்நிய மொழியான லத்தீனை எடுத்துவிட்டு, பழகாத இன்னோர் அந்நிய மொழியான ஆங்கிலத்தைச் சட்டத்தின் பேரால் கோயிலுக்குள் கொண்டுவந்தார்கள் என்பதே உண்மை.

எட்டாம் ஹென்றி ரோமாபுரியோடு உறவை முறித்துக்கொண்டபோதும் லத்தீன் பூசையில் கைவைக்கவில்லை. 1547-இல் ஒன்பது வயதில் ஆறாம் எட்வர்டு அரியணை ஏறி, ஆட்சி அவனது தாய்மாமன் சாமர்செட் கோமகனின் கைக்குப் போன பிறகுதான் மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. சுரூபங்கள் எனப்படும் புனிதர் சிலைகள் அகற்றப்பட்டன, சாம்பல் பூசுவதும் குருத்தோலை மந்திரிப்பதும் நின்றன, இறந்தோருக்குப் பூசை வைப்பதற்கென்று முன்னோர் எழுதிவைத்த சொத்துகளை அரசே எடுத்துக்கொண்டது. கார்னிஷ் மொழிச் சமய நாடகங்களின் பிறப்பிடமாகக் கருதப்படும் கார்ன்வாலின் பென்ரின் ஊரிலிருந்த கிளாஸ்னி குருக்கள் கல்லூரியும் அந்த அலையில்தான் மூடப்பட்டது. 1548 ஏப்ரலில், கார்ன்வாலின் ஹெல்ஸ்டனில் சுரூபங்களை அகற்ற வந்த வில்லியம் பாடி என்ற அதிகாரியை மக்கள் கொன்றதும், அதற்காகப் பலர் தூக்கிலிடப்பட்டதும் வரப்போவதற்கு முன்னறிவிப்பாக இருந்தன. ஆட்டின் மீதும் கம்பளித் துணியின் மீதும் போடப்பட்ட புதிய வரி ஏழைகளின் கோபத்தை வளர்த்தது. 1549 ஜூன் 9, தூய ஆவி ஞாயிறன்று, ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகம் நாடெங்கும் கட்டாயமானது. மறுநாளே டெவனின் சாம்போர்டு கோர்ட்னி கிராமத்தார் தங்கள் குருவானவரைப் பழையபடி பூசை வைக்கச் செய்தார்கள்.

டெவன்காரர்கள் ஆங்கிலம் பேசியவர்கள்தாமே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வழிபாடு என்பது பொருள் விளங்கும் சொற்கள் மட்டுமன்று. எங்கள் பங்கிலும் 1960-களின் நடுப்பகுதி வரை லத்தீன் பூசைதான். அதில் ஒரு சொல்லுக்கும் பொருள் அறியாத என் பாட்டி, குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மணி அடித்ததும் கண் கலங்கி மண்டியிட்டதைச் சிறுவயதில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கிளர்ச்சியாளரின் கோரிக்கைகளிலும் அந்த மனமே தெரிகிறது: நற்கருணை (மந்திரித்த அப்பம்) பீடத்திற்கு மேலே தொங்கும் பேழையில் இருக்க வேண்டும், தீர்த்தமும் சுரூபங்களும் திரும்ப வேண்டும், இறந்தபின் பாவக்கறை தீரும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காகப் பெயர் சொல்லி மன்றாட வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். அரசு பறித்திருந்த மடங்களின் நிலத்தில் பாதியைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டது, அந்த நிலத்தை வாங்கி வளமாயிருந்த சீமான்களை நேராகத் தொட்டது.

தங்களில் சிலருக்கு ஆங்கிலமே புரியாது என்பதால் இந்தப் புதிய ஆங்கிலத்தை அடியோடு மறுக்கிறோம் என்று கார்ன்வால்காரர்கள் அதே கோரிக்கையில் சொன்னார்கள். அந்த ஜெபப் புத்தகத்தை உருவாக்கிய பேராயர் கிரான்மர், உங்களில் ஆங்கிலம் அறிந்தவர்களைவிட லத்தீன் அறிந்தவர்கள் அதிகமா என்று திருப்பிக் கேட்டார். வாதத்திற்கு அது கூர்மையான கேள்வி. அப்படியானால் கார்னிஷில் ஒரு புத்தகம் தருகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கிளர்ச்சியாளர்களும் அதைக் கேட்கவில்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

டெவனின் எக்ஸிட்டர் நகரம் ஐந்து வாரம் கிளர்ச்சியாளரின் முற்றுகையில் கிடந்தது. அரசு அனுப்பிய ரஸ்ஸல் பிரபுவின் படை, இத்தாலிய, ஜெர்மானியக் கூலிப்படைகளோடு ஆகஸ்டில் அதை முறியடித்தது. எக்ஸிட்டருக்கு அருகே கிளிஸ்ட் பகுதிச் சண்டையில் கைகள் கட்டப்பட்டிருந்த ஏறத்தாழ 900 கிளர்ச்சிக் கைதிகளின் கழுத்து அறுக்கப்பட்டதாக மரபுச் செய்தி உண்டு. எக்ஸிட்டரை அடுத்த புனித தோமா ஆலயப் பங்குக்குரு ராபர்ட் வெல்ஷ், பூசை உடையோடு தம் கோபுரத்திலேயே தூக்கிலிடப்பட்டார். கிளர்ச்சித் தலைவர் ஹம்ஃப்ரி அருண்டெல் 1550 ஜனவரியில் லண்டன் டைபர்னில் கொல்லப்பட்டார். 1549 கோடையில் நார்ஃபோக்கிலும் வேறு காரணங்களுக்காகக் கலகம் வெடித்திருந்ததால், சாமர்செட் கோமகனும் அந்த ஆண்டு அக்டோபரில் பதவி இழந்தார்.

எனக்கு மிகவும் வலிப்பது அதற்குப் பின் நடந்தது. விவிலியத்தையும் ஜெபப் புத்தகத்தையும் வெல்ஷ் மொழியில் மொழிபெயர்க்க 1563-இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. 1567-இல் ஜெபப் புத்தகமும் புதிய ஏற்பாடும், 1588-இல் முழு விவிலியமும் அச்சில் வந்தன. அம்மொழி இன்றும் வீடுகளில் வாழ்வதற்கு அந்நூல்கள் பெரிய காரணம். கார்னிஷுக்கு அப்படி ஒரு நூலும் வரவில்லை. கோயிலில் இடமின்றி, கல்லூரியும் இன்றி, அம்மொழி மேற்கே மேற்கே ஒதுங்கி, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அன்றாடப் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. கட்டுரையாளர் அடுத்த பகுதியில் எலிசபெத் காலத்துக்கு வரும்போது, வெல்ஷ் விவிலியத்தைப் பற்றி எழுதும் அதே பக்கத்தில் கார்னிஷுக்கும் சில வரிகள் ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை