புயல் விடுமுறையை முந்தைய இரவே அறிவியுங்கள், கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் சேர்த்து அறிவியுங்கள்: கோரிக்கை மனு

அனுப்புநர்: ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தாய், வெண்ணாற்றுக் கடைமடைக் கிராமம்

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

போன வாரம் புயல் கரையை நெருங்கிய அன்று எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் கேட்டால் இது சும்மா லீவு கேட்கிற மனுவாகத் தெரியும்.

எங்கள் ஊருக்குக் காலையில் ஒரே ஒரு டவுன் பஸ், ஆறே முக்காலுக்கு. முதல் நாள் மதியமே வானிலை ஆய்வு மையம் எங்கள் பகுதிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்துவிட்டது, அதாவது 12 செ.மீ.க்கு மேலேயே மழை பெய்யலாம் என்று. ராத்திரி பதினோரு மணி வரை டிவியையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், விடுமுறை என்று எதிலும் வரவில்லை. சரி, பள்ளிக்கூடம் உண்டு போல என்று எட்டாவது படிக்கும் மகளுக்கு ரெயின்கோட் மாட்டி பஸ் ஏற்றிவிட்டேன். ஏழரை மணிக்கு வருகிறது அறிவிப்பு, இன்று பள்ளிகளுக்கு விடுமுறை என்று. அவள் போய் இறங்கியபோது கேட் பூட்டியிருக்கிறது, திரும்பி வர பஸ் இல்லை. நான்கு கிலோமீட்டர், அந்தக் காற்றில், நடந்தே வந்திருக்கிறாள்.

எங்கள் ரோடு வாய்க்காலை ஒட்டியே போகிறது. தண்ணீர் ஏறிவிட்டால் ரோடு எது, வாய்க்கால் எது, சம்பா வயல் எது என்று உள்ளூர்க்காரர்களுக்கே புரியாது. கரையில் நிற்கிற கருவேல மரங்களைப் பார்த்துப் பார்த்து நடந்தேன் அம்மா என்று அவள் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அவள் வந்தபோது நான் வீட்டில் இல்லை, எனக்கு லீவு இல்லை. "பள்ளிக்கூடத்துக்குத்தானே விடுமுறை, கடைக்கு யார் விட்டது?" என்று கேட்டார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள். அன்று முழுக்க கடைக்கு வந்தவர்கள் நான்கே பேர், மூன்று மணிக்குக் கரண்டும் போய்விட்டது, அப்படியும் ராத்திரி ஏழு மணி வரை இருட்டில் உட்கார வைத்தார்கள். வீடு திரும்பும்போது கூட வேலை பார்க்கும் பெண் காற்றில் வண்டியோடு சரிந்து கையை முறித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டு, பெற்றவர்களை வேலைக்கு இழுத்தால், வீட்டில் அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

புயல் எங்களுக்குப் புதிதில்லை. 2008-இல் நிஷா வந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்ததில் விழுந்த தென்னைகளின் நஷ்டத்திலிருந்து இன்னும் மீளாத குடும்பங்கள் இங்கே உண்டு. அப்புறம் 2020-இல் நிவர் வந்தபோது நவம்பர் 25 பொது விடுமுறை என்று அரசு முதல் நாளே சொல்லியது, அதனால் முந்தைய நாளே சொல்ல முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். புயல் திசை மாறி மழையே பெய்யாமல் போனாலும் பரவாயில்லை ஐயா, அந்த ஒரு நாளைச் சனிக்கிழமை பள்ளி வைத்து ஈடுகட்டலாம், நாங்களும் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து ஈடுகட்டுகிறோம்.

2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் நீங்கள்தான். பாதிக்கப்படக்கூடிய இடங்களில் ஆள் நடமாட்டத்தையும் வண்டிப் போக்குவரத்தையும் கட்டுப்படுத்த அந்த ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது, அதனால் உங்களிடமே கேட்கிறேன். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் இரவு எட்டு மணிக்குள் முடிவைச் சொல்லுங்கள். போன் இல்லாத வீடுகளுக்கும் தெரிகிற மாதிரி ஊராட்சி மூலம் ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி, மின்வாரியம், பால், மருந்துக்கடை மாதிரி அவசியமானவை இயங்கட்டும். ஜவுளிக்கடை, நகைக்கடை, தையல் கம்பெனி, பைனான்ஸ் ஆபீஸ் இவற்றையெல்லாம் அன்று மூடச் சொல்லி, அந்த நாள் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்றும் எழுத்தில் உத்தரவு போடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் எங்கள் முதலாளிகள் கேட்க மாட்டார்கள்.

மழைக்காலம் இன்னும் முடியவில்லை. வங்கக் கடலில் அடுத்த காற்றழுத்தத் தாழ்வு உருவாவதற்குள் பதில் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா