அப்பா கேட்ட டீசல் கணக்கு

எலிசபெத் நகரம், நியூ ஜெர்சி, அமெரிக்கா
13-11-2022

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் தங்கச்சியை வாங்கித் தரச் சொல்லுங்கள். நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

போன ஞாயிறு, "ஏஞ்சாமி, டீசல் கார வாங்கி ஏமாந்துட்டியா?" என்று கேட்டீர்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் நீளம். போனில் நீட்டினால் "காசு ஆகுது, வை" என்பீர்கள். வாட்ஸ்அப்பில் காசு ஆகாது என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்பப்போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படியுங்கள்.

கார் வாங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கார் விற்கும் இடத்தில் டீசல் வண்டி ஒன்று மலிவாக நின்றது. நாமக்கல் புத்தி, டீசல் என்றதும் கை நீண்டுவிட்டது. பெட்ரோல் பணக்காரனுக்கு, டீசல் பிழைக்கிறவனுக்கு என்றுதானே நம் வீட்டில் வளர்ந்தோம். வண்டியை எடுத்துக்கொண்டு நேராக பங்க்குக்குப் போய், பலகையைப் பார்த்த பிறகுதான் திக்கென்றது. போன திங்கள் நிலவரம் சொல்கிறேன்: நாடு முழுக்கச் சராசரியாக பெட்ரோல் கேலன் 3 டாலர் 80 சென்ட், டீசல் 5 டாலர் 33 சென்ட். கேலன் என்பது 3.785 லிட்டர். நம் காசில் பெட்ரோல் லிட்டர் சுமார் 81 ரூபாய், டீசல் 114. சென்னையில் இப்போது பெட்ரோல் 102, டீசல் 94. அப்படியே தலைகீழ்.

எங்கள் லாரி ஆபீசில் லோடு அடிக்கிற பஞ்சாபி டிரைவர் ஒருத்தர் (இந்த நாட்டு லாரி தொழிலில் சர்தார்ஜிகள் ஏராளம்) என் காரைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தார். பிறகு அவரே தேற்றினார். அதே எடையுள்ள பெட்ரோல் கார் கேலனுக்கு 28 மைல் தந்தால் என் வண்டி 40 தருகிறது. மைலுக்கு என்று பார்த்தால் இரண்டும் 13 சென்ட் சொச்சம்தான். ஒரு கேலன் டீசலில் பெட்ரோலைவிட 13, 14 சதவீதம் சூடு அதிகம். டீசல் எஞ்சின் அதை வீணாக்காமல் எரிக்கிறது. ஆக முழுசாக ஏமாறவில்லை அப்பா. லாபமும் இல்லை.

நீங்கள் எப்போதும் சொல்வீர்களே, டீசல் என்பது பெட்ரோல் எடுத்த பிறகு மிஞ்சுகிற கசடு, அதனால்தான் மலிவு என்று. அது சரியில்லை. கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் பெட்ரோல் மேலே ஏறும், டீசல் நடுவில் நிற்கும், தார் அடியில் தங்கும். ஒரு பீப்பாய் என்பது 42 கேலன். இந்த நாட்டு ஆலைகளில் அதிலிருந்து 19, 20 கேலன் பெட்ரோல் வருகிறது, டீசல் 11 முதல் 13 கேலன்தான். இங்கே வீட்டுக்கு வீடு பெட்ரோல் கார், அதனால் கனமான எண்ணெயையும் உடைத்துப் பெட்ரோலாக்குகிற மாதிரியே ஆலைகளைக் கட்டிவைத்திருக்கிறார்கள். திடீரென்று டீசல் வேண்டும் என்றால் கொஞ்சம்தான் திருப்ப முடியும். மாட்டைப் பாலுக்கென்று வளர்த்துவிட்டு உழவுக்குப் பூட்டுகிற மாதிரி.

முன்னே இங்கேயும் டீசல்தான் மலிவு. குளிர்காலத்தில் மட்டும் ஏறி இறங்கும். 2004 செப்டம்பரிலிருந்து அநேகமாக எப்போதும் டீசலே மேலே நிற்கிறது. ஐரோப்பாவில் கார்களே டீசலில் ஓடின, சீனாவிலும் நம் நாட்டிலும் லாரிகள் பெருகின, உலகம் முழுக்க எல்லோரும் டீசலையே கேட்டார்கள். அப்புறம் 2006-ல் கந்தகத்தைக் குறைக்கச் சொன்னார்கள். பத்து லட்சத்தில் 500 பங்கு இருந்ததை 15-க்குக் கொண்டுவர வேண்டும் என்று சட்டம். அதற்கு ஆலைகள் புதிதாகச் செலவு செய்தன. (2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான பி.எஸ். 6 விதி வந்தபோது நம் ஊர் டீசல் 10-க்கே இறங்கிவிட்டது. இந்த விஷயத்தில் நாம் இவர்களைவிட ஒரு படி சுத்தம், டீக்கடையில் தாராளமாகச் சொல்லுங்கள்.)

எல்லோரும் வரியைத்தான் திட்டுகிறார்கள். மத்திய வரி பெட்ரோலுக்குக் கேலன் 18.4 சென்ட், டீசலுக்கு 24.4. 1993-க்குப் பிறகு இதை யாரும் தொடவில்லை. ஆறு சென்ட் வித்தியாசம் லிட்டருக்குச் சுமார் ஒன்றேகால் ரூபாய்தான், இடைவெளியோ 33 ரூபாய். ஆனால் கொள்கை என்று பார்த்தால் இது பெரிய விஷயம். கனத்த வண்டிதான் ரோட்டைக் கெடுக்கிறது, அதனால் டீசல்காரன் கூடக் கொடு என்கிறது இந்த அரசாங்கம். டீசல் ஏறினால் தக்காளியும் ஏறும், அதனால் டீசலுக்குக் குறை என்கிறது நம்முடையது. அங்கே மத்திய கலால் வரி இப்போது பெட்ரோலுக்கு 19 ரூபாய் 90 காசு, டீசலுக்கு 15 ரூபாய் 80 காசு. மாநில வரியும் டீசலுக்குக் குறைவு. வரியையும் கமிஷனையும் கழித்துப் பார்த்தால் நம் ஊரிலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான். 2020 ஜூன் கடைசியில் டெல்லியில் முதல் தடவையாக டீசல் பெட்ரோலைத் தாண்டியதும், "உலகம் கெட்டுப்போச்சு" என்று நீங்கள் பேப்பரை மடித்து வைத்ததும் நினைவிருக்கிறதா?

இந்த வருஷம் இவ்வளவு ஏறியதற்குக் காரணம் வேறு. ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததிலிருந்து ஐரோப்பா டீசலுக்கு வேறு வாசல் தேடுகிறது. வருகிற பிப்ரவரி 5 முதல் ரஷ்ய டீசலே வேண்டாம் என்று முடிவு. அதனால் இங்கே காய்ச்சுகிற டீசல் கப்பல் ஏறுகிறது. பக்கத்து ஊரான லிண்டனில் பெரிய சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, நெடுஞ்சாலையில் போனால் இரவில் தீபாவளி மாதிரி விளக்கு. அதன் காலடியில் இருந்தும் எங்களுக்கு மலிவில்லை. பிலடெல்பியாவில் இதைவிடப் பெரிய ஆலை ஒன்று 2019 ஜூனில் வெடித்துத் தீப்பிடித்தது, அதன் பிறகு திறக்கவே இல்லை. கொரோனாவில் வேறு சில ஆலைகள் மூடின. போன மாதம் நாடு முழுக்க 25 நாளுக்கான டீசல்தான் கையிருப்பு என்று கணக்கு வந்தது. 2008-க்குப் பிறகு இவ்வளவு இறங்கியதில்லையாம். அன்றைக்கு எங்கள் ஆபீசில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்னொரு வேடிக்கை. நான் குடியிருக்கிற வீட்டுக்கு அடியில் டீசல் இருக்கிறது அப்பா! நிஜமாகத்தான். நிலவறையில் 275 கேலன் இரும்புத் தொட்டி. குளிருக்கு வீட்டைச் சூடாக்க அதை எரிக்கிறார்கள். பேர் ஹீட்டிங் ஆயில், சரக்கு டீசலேதான். இந்த வடகிழக்குப் பக்கத்தில் இப்படி லட்சக்கணக்கான வீடுகள். கோடை முடிந்தால் ஊர் சுற்றுகிறவர்கள் குறைந்து பெட்ரோல் இறங்கும். அதே நேரத்தில் அறுவடை டிராக்டருக்கும் பண்டிகைச் சரக்கு லாரிக்கும் இந்தத் தொட்டிகளுக்கும் டீசல் வேண்டும். நவம்பரில் இடைவெளி விரிவது அதனால்தான்.

வீட்டு ஆயிலுக்கும் விவசாய டீசலுக்கும் ரோட்டு வரி கிடையாது. எடுத்து லாரியில் ஊற்றிவிடக் கூடாது என்று சிவப்புச் சாயம் கலந்திருக்கிறார்கள். ரேஷன் மண்ணெண்ணெயில் நீலம் கலக்கிற மாதிரியேதான். சோதனைக்காரர் டேங்கில் குழாய் விட்டுப் பார்ப்பார், சிவப்புத் தெரிந்தால் 1,000 டாலர் அல்லது கேலனுக்கு 10 டாலர், எது அதிகமோ அது அபராதம். இதைப் படித்ததும் உங்களுக்கு யார் ஞாபகம் வரும் என்று தெரியும். பேர் எழுதவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். இதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

என் வேலை லோடுக்கு வண்டி அனுப்புவது, நம் புக்கிங் ஆபீஸ் வேலைதான். ஒவ்வொரு திங்கள் மாலையும் இங்கே அரசாங்கத்தின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் அந்த வார டீசல் விலையை வெளியிடும். அதை வைத்து வாடகையோடு டீசலுக்கென்று தனியாக ஒரு தொகை சேர்ப்போம். எங்கள் ஒப்பந்தத்தில் டீசல் 1 டாலர் 20 சென்டைத் தாண்டி ஏறுகிற ஒவ்வொரு ஆறு சென்டுக்கும் மைலுக்கு ஒரு சென்ட். இந்த வாரம் அது மைலுக்கு 68 சென்ட். வண்டி கேலனுக்கு ஆறரை மைல் ஓடுகிறது, டீசல் செலவு மைலுக்கு 82 சென்ட். பெரும்பங்கு சரக்குக்காரன் தலையில் போய்விடுகிறது. கெஞ்ச வேண்டியதில்லை, சண்டை போட வேண்டியதில்லை. விலை ஏறினால் அந்தத் தொகையும் தானாக ஏறும்.

முதல் முதலாக அந்தப் பட்டியலைப் போட்டபோது எனக்கு 2013-தான் ஞாபகம் வந்தது. மாதம் ஐம்பது காசு, மாதம் ஐம்பது காசு என்று அடுத்த வருஷம் வரைக்கும் டீசலை ஏற்றினார்களே. நீங்கள் புனாவுக்கு ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். வாடகை வருஷத்துக்கு ஒரே பேச்சு. "ஐம்பது காசுதானே" என்று வியாபாரி சொன்னதையே நீங்களும் வீட்டில் வந்து சொன்னீர்கள். இரண்டாவது வண்டிக்கு டியூ கட்ட முடியாமல் விற்றபோது, டிரைவர் சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னீர்கள். டிரைவர் நல்ல மனுஷர்தான், இல்லையா?

இங்கே எல்லாம் நியாயம் என்று நினைக்காதீர்கள். பெரிய கம்பெனிக்குத்தான் இந்த ஒப்பந்தம். சொந்தமாக ஒரே வண்டி வைத்துக்கொண்டு புரோக்கரிடம் லோடு எடுக்கிறவருக்கு "மொத்தமாக இவ்வளவு" என்று ஒரே தொகை பேசுகிறார்கள், டீசல் அதற்குள்ளேயே. அந்த பஞ்சாபிக்காரர் ஒரு நாளைக்கு 500 மைல் ஓட்டினால் டீசலுக்கு மட்டும் 400 டாலருக்கு மேல், கிட்டத்தட்ட 33,000 ரூபாய். ரிட்டர்ன் லோடு இல்லாமல் எம்டியாக வந்தால் அந்த மைலுக்கு யாரும் தருவதில்லை. போன வாரம் பங்க்கில் மீட்டர் ஓடுவதைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். நீங்களும் அப்படித்தான் நிற்பீர்கள்.

அலமாரியில் மேல்தட்டில் உங்கள் நீல அட்டை நோட்டு இருக்கும், 2013, 14 நடைக் கணக்கு. தங்கச்சியிடம் சொல்லி அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை நடை, எத்தனை கிலோமீட்டர், என்றைக்கு என்ன விலைக்கு டீசல் அடித்தீர்கள் என்று நீங்கள் எழுதாமல் விட்டிருக்க மாட்டீர்கள். இங்கத்துக் கணக்கை அதில் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஜவ்வரிசிக்காரர் உங்களுக்கு எவ்வளவு தந்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஆசை.

தை மாதம் வர லீவு கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், கிடைத்ததும் நானே சொல்கிறேன்.

அன்பு மகன்