ஜோடி பிரிந்தால் குற்றவாளி வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் நம் நாட்டு டென்னிஸ் இரட்டையர் லியாண்டர் பயஸ் – மகேஷ் பூபதி ஜோடி பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நன்றாகவே இருந்தது. கடைசியில் மட்டும் ஒரு பெட்டி கட்டி, ‘பிரிவுக்கு யார் காரணம்?’ என்று கேட்டு, வாசகர்களையே தீர்ப்புச் சொல்லச் சொல்லியிருந்தீர்கள். அந்தப் பெட்டிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு டென்னிஸ் ஆடத் தெரியாது. களக்காட்டுப் பக்கம் வில்லுப்பாட்டில் 31 வருஷம் குடம் அடித்தவன் நான். ஒரு கையில் காசு, மறு கையில் மட்டை. அந்த வகையில் நானும் மட்டை பிடித்தவன்தான்.

பேரன் பாளையங்கோட்டையில் டென்னிஸ் பழகுகிறான். லீவுக்கு வந்துவிட்டால் டிவி ரிமோட் அவன் கையில். வேறு வழியில்லாமல் பார்க்க உட்கார்ந்தவன்தான், இப்போது அவன் ஊருக்குப் போனாலும் நானே தேடி வைக்கிறேன். ஒற்றையர் ஆட்டம் எனக்கு ஒட்டவில்லை. இரட்டையர்தான். வலைக்குப் பக்கத்தில் நிற்கிறவர் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுகிறார். பின்னால் பந்து போடுகிறவர் அதைப் பார்த்து நடந்துகொள்கிறார். ஒரு பாயிண்ட் முடிந்ததும் பந்தால் வாயை மறைத்துக்கொண்டு ரகசியம் பேசுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு எங்கள் அண்ணாவிதான் (வில்லடித்துப் பாடுகிற குழுத் தலைவர்) கண்ணில் வந்து நின்றார். அவர் வில்லில் அடிக்கிற வீசுகோலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தால் அடி மறந்துபோச்சு என்று அர்த்தம். நான் உடனே “ஆமா... ஆமா... பெறகு முத்துப்பட்டன் என்ன சொன்னான்?” என்று இழுத்துக்கொண்டே இருப்பேன். அதற்குள் அவருக்கு வரி ஞாபகம் வந்துவிடும். எதிரே இருக்கிற ஜனத்துக்கு ஒன்றும் தெரியாது.

மேடையில் இருக்கிற நேரம் இப்படி. மீதி நேரம் எங்கே போகிறது என்று யாரும் எழுதுவதில்லை.

டென்னிஸ்காரர்கள் ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறார்கள். மார்ச்சில் அமெரிக்கா. அப்புறம் ஐரோப்பாவில் செம்மண் தரை (எங்கள் தேரிக்காட்டு நிறம், ஆனால் அது மண் இல்லையாம், செங்கல் இடித்த தூளாம்). ஜூன், ஜூலையில் புல். மறுபடி அமெரிக்கா, பிறகு சீனா, நவம்பரில்தான் ஓய்வு. தோற்றால் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டும். ஜெயித்தால் இருக்கலாம், ஆனால் எத்தனை நாள் என்று ஓட்டல்காரனுக்குக்கூடச் சொல்ல முடியாது. கூடவே ஒரே ஒரு ஆள். காலையில் அவன் முகம், சாப்பாட்டில் அவன் முகம், விமானத்தில் அவன் முகம். பெரிய ஆட்டக்காரர்களாவது தனித்தனி அறை எடுப்பார்கள். 15,000 டாலர் போட்டி என்று கீழ்மட்டத்தில் ஒன்று நடக்கிறது. அந்த 15,000 மொத்தப் பரிசுப் பணம். இரட்டையரில் கோப்பையே ஜெயித்தாலும் ஆளுக்கு 500 டாலர் தேறாது. அங்கே ஆடுகிற பையன்கள் ஒரு அறையை இரண்டு பேராகப் பங்கிடுகிறார்கள்.

எங்களுக்குக் கோயில் கொடைத் திருவிழாக்கள் பங்குனியில் தொடங்கும். சித்திரை, வைகாசி என்று போய், ஆடியில் மூச்சு விட முடியாது. செவ்வாய் ஒரு ஊரில் அம்மன் கொடை என்றால் வெள்ளி இன்னொரு ஊரில் சுடலைமாடன் கொடை. சாத்தான்குளம், திசையன்விளை, ராதாபுரம், பணகுடி. சாமக்கொடை முடிந்து, பள்ளிக்கூடத் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்தால் காக்கா கத்திவிடும். குடத்தை பஸ்ஸில் மேலே வைக்க முடியாது, கீழேயும் வைக்க முடியாது. 31 வருஷமும் என் மடியில்தான். சிலதடவை மும்பை தாராவிக்கும் போயிருக்கிறோம். நம் ஊர் ஜனம் அங்கேயும் கொடை கழிக்கும். ஒன்றரை நாள் ரயில். அப்போதும் குடம் மடியில்.

ஒரு வைகாசியில் திசையன்விளைப் பக்கம் ஒரு கொடை. மூன்றாவது ராத்திரியாகத் தூக்கம் இல்லை. அண்ணாவி தொண்டைக்கென்று பிளாஸ்கில் சுக்குக்காப்பி வைத்திருப்பார், விடியற்காலம் மூன்று மணிக்குக் குடிக்க. அன்றைக்கு நான் எடுத்துக் குடித்துவிட்டேன். வேணுமென்று இல்லை, கை தானாகப் போய்விட்டது. பார்த்தார். “வே, நீரு காப்பியக் குடிக்கல. எந் தொண்டையக் குடிச்சிட்டீரு” என்றார். நானும் சும்மா இருந்திருக்கலாம். “பெரிய தொண்டை” என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து மறு பங்குனி வரை மேடைக்குக் கீழே நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. மேடையில் ஏறினால் “ஆமா” சரியான இடத்தில் விழுந்தது. ஓரக்கண் பார்வையும் தப்பவில்லை. இறங்கினால் அவர் பஸ்ஸில் முன்சீட்டு, நான் கடைசிச் சீட்டு. ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? பணத் தகராறு என்றார்கள். நான் தனிக் குழு தொடங்கப் போகிறேன் என்றார்கள். வாயில் சொல்ல முடியாத கதையும் ஒன்று ஓடியது. உங்கள் பெட்டியை அப்போது யாராவது களக்காடு பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்தால் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதியிருப்பார்கள். நடந்தது ஒரு டம்ளர் காப்பி. அதுகூட இல்லை, தூக்கம்.

அதனால்தான் பயஸ், பூபதி கணக்கை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். 1999-ல் நாலு கிராண்ட்ஸ்லாமிலும் (டென்னிஸில் இருக்கிற நாலு பெரிய போட்டிகள்) இறுதி ஆட்டம் வரை போனார்கள். பிரெஞ்சு ஓபனும் விம்பிள்டனும் ஜெயித்தார்கள். பிறகு பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், 2001-ல் மறுபடி பிரெஞ்சு ஓபன் எடுத்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். ஆளுக்கொரு கூட்டாளியோடு ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்த வருஷங்களிலும் நாட்டுக்கு நாடு மோதுகிற டேவிஸ் கோப்பை என்றால் ஒன்றாக வந்து நின்றார்கள். அங்கே தொடர்ந்து 24 ஆட்டம் ஜெயித்தார்கள். உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரே ஒரு வரி. பெட்டிக்கோ பன்னிரண்டு வரி. மேடைக்குக் கீழே பேசாதவன் மேடையில் எப்படி “ஆமா” போடுகிறான் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அதைக் கேட்டு எழுதியிருக்கலாமே.

இன்னொன்று, பேரன் சொல்லித்தான் எனக்கே தெரியும். இரட்டையரில் தரவரிசை ஜோடிக்கு இல்லை, ஆளுக்கு. 52 வாரத்துக்கு முந்தின புள்ளி தானாக உதிர்ந்துவிடும். பெரிய போட்டியில் இடம் வேண்டுமென்றால் இரண்டு பேர் எண்ணையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஒருவனுக்கு மூட்டு வலித்து ஆறு மாதம் படுத்துவிட்டால் அவன் எண் பெரிதாகி, தரவரிசையில் பின்னால் போய்விடுவான்; மற்றவன் நன்றாக இருந்தும் வாசலில் நிற்க வேண்டும். அப்போது வேறு ஆளைத் தேடினால் துரோகம் என்று எழுதுகிறோம்.

அண்ணாவிக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த ஆடியில் நான் நாங்குநேரிப் பக்கத்து அண்ணாவி ஒருவரோடு போனேன். வீட்டில் அரிசி வேண்டுமே. நல்ல பாடகர்தான். ஆனால் எந்த இடத்தில் மூச்சு எடுப்பார் என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. அமெரிக்காவின் பிரையன் சகோதரர்கள் கதையைப் பேரன் சொன்னபோது எனக்கு அந்த ஆடி ஞாபகம் வந்தது. இரட்டைப் பிள்ளைகள். சேர்ந்து 16 கிராண்ட்ஸ்லாம். 2018-ல் தம்பி பாப் பிரையனுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. அண்ணன் மைக், ஜாக் சாக் என்பவரோடு ஆடி அந்த வருஷமே விம்பிள்டனும் அமெரிக்க ஓபனும் ஜெயித்தார். ஜெயித்துவிட்டு, தம்பி தேறி வந்ததும் அவரோடேயே திரும்பப் போய்விட்டார். ஒரே வயிற்றில் கிடந்தவர்களுக்கே இப்படி ஒரு வருஷம் வந்தது. சானியா மிர்சாவும் மார்ட்டினா ஹிங்கிஸும் தொடர்ந்து 41 ஆட்டம் ஜெயித்தவர்கள். ஒன்றரை வருஷம் நிறையும் முன்பே பிரிந்தார்கள். ரோகன் போபண்ணா 43 வயதில், முழங்கால் தேய்ந்துபோன நிலையில், மேத்யூ எப்டனோடு 2024 ஆஸ்திரேலிய ஓபனை எடுத்தார். அந்த வருஷக் கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு வழி. இதிலெல்லாம் யாரைக் கூண்டில் ஏற்றுவீர்கள்?

ஆட்டத்தையும் சுருக்கிவிட்டார்கள். கிராண்ட்ஸ்லாம் தவிர மற்ற பெரிய போட்டிகளில் டியூஸ் (40-40 என்று சமம்) வந்தால் ஒரே பாயிண்டில் முடிவு. மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் பாயிண்ட். எங்களுக்கும் முன்பு விடிய விடியக் கதை. இப்போது பத்து மணிக்கு மைக்கை அணைக்கச் சொல்லுகிறார்கள், கொடைக்காரர்களும் “சீக்கிரம் சாமி பெறப்ப வச்சிருங்க” என்கிறார்கள். ஆட்டம் குறைந்தது, அலைச்சல் குறையவில்லை. இது உங்கள் தப்பில்லை, சும்மா சொன்னேன்.

உங்களிடம் கேட்பது ஒன்று உண்டு. 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் ஏடிபி (ஆண்கள் டென்னிஸ் சங்கம்) நடத்துகிற போட்டியில் கோப்பை ஜெயித்தார்கள். இரண்டு தமிழ்ப் பையன்கள். செய்தியைப் பேரன் போனில்தான் காட்டினான். மறுநாள் பேப்பரில் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். இரட்டையர் முடிவுகளைத் தினம் ஒரு ஓரத்திலாவது போடுங்கள். போடும்போது இரண்டு பேர் பெயரையும் முழுசாகப் போடுங்கள். ‘இன்னார் ஜோடி வெற்றி’ என்று ஒருவர் பெயரோடு நிறுத்த வேண்டாம்.

இதில் எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு, மறைக்கவில்லை. கொடை நோட்டீசில் எப்போதும் அண்ணாவி பெயர் பெரிதாக இருக்கும். கீழே ‘குழுவினர்’ என்று வரும். அந்தக் குழுவினருக்குள் நான். 31 வருஷத்தில் ஒரே ஒரு தடவை, தாராவியில் அடித்த நோட்டீசில் ‘குடம்’ என்று போட்டு என் பெயரும் வந்தது. முன்னெழுத்து மட்டும் என்னுடையது இல்லை, அண்ணாவியுடையது. அச்சகத்தில் மாற்றிக் கோத்துவிட்டார்கள். அண்ணாவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “பரவால்ல வே, இருக்கட்டும்” என்றார். காப்பிச் சண்டைக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நான் சொல்லுவேன். அவரைக் கேட்டால், அதற்கு முன்னாடியே கல்யாண் ஸ்டேஷனில் குடத்தைப் பிடிக்கச் சொல்லி நான்தான் முதலில் பேசினேன் என்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடக் கலைஞர்,
களக்காடு, திருநெல்வேலி மாவட்டம்.