மூச்சுத் திணறலுக்கும் ஆதரவுச் சிகிச்சை

ஐயா,

நூற்பாலைப் பஞ்சுத்தூசியில் முப்பது வருடம் உழைத்த என் அப்பாவுக்கு சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய். கடைசி இரண்டு வருடம் படுக்க முடியாமல், நாற்காலியில் தலையணையை அணைத்தபடிதான் தூங்கினார். மூன்று முறை ஐசியூ. இன்ஹேலரை மாற்றினார்களே தவிர, அந்தத் திணறலின் பயத்தை யாரும் கேட்கவில்லை.

இறப்பதற்குப் பதினொரு நாள் முன்புதான், நோயின் வேதனையைத் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) நர்ஸ் வந்தார். மேசை ஃபேனை முகத்துக்கு நேராக வைத்தார். உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல விடச் சொல்லிக்கொடுத்தார். டாக்டர் குறைந்த அளவு மார்ஃபின் எழுதினார். அன்றிரவு அப்பா நாலு மணி நேரம் தூங்கினார். அந்த ஃபேன் எங்கள் சமையலறையில் சும்மா கிடந்ததுதான்!

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் ஆதரவுச் சிகிச்சை உண்டு. அது புற்றுநோய்க்கு மட்டும் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். நுரையீரல் நோயாளி முதல் தடவை ஐசியூவிலிருந்து திரும்பும்போதே டிஸ்சார்ஜ் சீட்டில் அதையும் எழுதிக் கொடுக்கட்டும்.

- ஒரு வாசகி, பல்லடம்