ஜெய்சல்மேரில் மணல் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெய்சல்மேர் பற்றிய உங்கள் சுற்றுலாப் பக்கம் பார்த்தேன். ஒட்டகம், மணல்மேடு, கூடாரம். சரி, பாறை எங்கே? அந்த வட்டாரத்தில் பாறை வரைபட வேலை பார்த்தவன் நான். சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் அங்கே ஒரே மஞ்சளாகத் தெரியும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பாறை மணலுக்கடியில் மறைந்துவிட்ட இடத்தில் ஊர்க் கிணற்றடிக்குப் போவோம். தோண்டிக் கொட்டிய குவியலைக் கிளறினால் கீழே என்ன பாறை என்று புரிந்துவிடும். கிணற்றின் ஆழத்தை ஊர்ப் பெரியவர்களே சொல்வார்கள், டீயும் கிடைக்கும்.

அங்குள்ள ஜுராசிக் காலப் பாறை அடுக்கில்தான் 16.7 கோடி ஆண்டு பழைய தாரோசாரஸ் டைனோசரின் எலும்புகள் கிடைத்தன, 2023-இல் அறிவித்தார்கள். பார்மேர் சாலையில் ஆகல் பூங்காவில் கல்லாகிப்போன அடிமரங்கள் கிடக்கின்றன. ஜோத்பூர் கோட்டை நிற்பதே எரிமலைப் பாறைமேல்தான். டிசம்பர் விடுமுறையில் டெல்லித் தமிழ்க் குடும்பங்கள் நிறைய அந்தப் பக்கம் போகும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையதளத்தில் பாறை வரைபடம் இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்த முறை ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

ஓய்வுபெற்ற நிலவியலாளர்,
மயூர் விஹார், டெல்லி